ஒரு கேமராவைக் குறைக்கச் சொல்லும் கல்யாண வீட்டாருக்கு

பாளையங்கோட்டையிலும் சுற்றுவட்டாரத்திலும் வரும் தை, மாசியில் கல்யாணம் வைத்திருக்கும் பெரியவர்களுக்கும், பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும், படக்காரரிடம் பேசி முடிக்க அனுப்பப்படும் சித்தப்பாக்களுக்கும் மாமாக்களுக்கும் இந்த மடல்.

மண்டபம் பிடித்திருப்பீர்கள். சமையலுக்கு ஆள் சொல்லியிருப்பீர்கள். மேளத்துக்கு அட்வான்ஸ் கொடுத்திருப்பீர்கள். எல்லாம் முடிந்து, கையில் இருப்பது பாதியாகக் கரைந்த பிறகு எங்களிடம் வருகிறீர்கள். நாங்கள் எழுதித் தரும் தாளை மேலிருந்து கீழாகப் பார்க்கிறீர்கள். விரல் ஒரு வரியில் வந்து நிற்கிறது. "அண்ணாச்சி, ரெண்டு கேமரான்னு போட்டிருக்கிய. எதுக்கு ரெண்டு? ஒண்ணைக் குறைச்சிட்டா எவ்வளவு குறையும்?"

முருகன்குறிச்சியிலிருந்து வருகிறவர்களும் இதைக் கேட்கிறார்கள், பெருமாள்புரத்துக்காரர்களும் கேட்கிறார்கள், ஆற்றைத் தாண்டி டவுனிலிருந்து வருகிறவர்களும் கேட்கிறார்கள். கேட்பதில் தப்பே இல்லை. உங்கள் பணம், நீங்கள்தான் கேட்க வேண்டும். ஆனால் நாங்கள் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் பேனாவை வாங்கி அந்த வரியை அடித்துவிடுகிறீர்கள். என் மனக்குறை அதுதான். அந்தப் பதிலை ஒரு தடவையாவது முழுசாகக் கேட்டுவிட்டு அடியுங்கள் என்றுதான் இந்த மடலை எழுதுகிறேன்.

தாலி கட்டும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாசக்கணக்கில் அலைந்து, லட்சக்கணக்கில் செலவழித்து நீங்கள் கூட்டும் கூட்டமெல்லாம் அந்த ஒரு நொடிக்காகத்தான். ஐயர் தாலியை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுக்கிறார். கெட்டிமேளம் கொட்டுகிறது. பெண்கள் குலவை இடுகிறார்கள். நாத்தனார் பின்னால் குனிந்து முடிச்சுப் போடுகிறாள். நாலு பக்கமிருந்தும் அட்சதை விழுகிறது. எல்லாம் சேர்ந்து அரை நிமிடம். அந்த அரை நிமிடத்தில் நான் மணமேடையில், மாப்பிள்ளைக்கு ஒரு முழம் தள்ளி முழங்காலில் நிற்கிறேன். என் கையில் இருக்கும் கேமராவில் அகலமாகப் பிடிக்கும் லென்ஸ். மாப்பிள்ளையின் நடுங்கும் விரல், மஞ்சள் கயிறு, பெண்ணின் குனிந்த தலை, நாத்தனாரின் கை எல்லாம் அதில் அடங்கிவிடும்.

அதே அரை நிமிடத்தில் பெண்ணைப் பெற்றவர் எங்கே இருக்கிறார்? பெரும்பாலும் மேடைக்குக் கீழே, கூட்டத்தில் யாருக்கோ வழிவிட்டு, தோளில் கிடக்கும் துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அந்த முகத்தை என் கையிலிருக்கும் லென்ஸால் எடுத்தால் கூட்டத்தில் ஒரு புள்ளியாகத்தான் விழும். அதற்கு என் இடுப்பில் தொங்கும் இரண்டாவது கேமரா வேண்டும். அதில் தூரத்து முகத்தைப் பக்கத்தில் இழுத்துவரும் நீள லென்ஸ் மாட்டியிருக்கும். முதல் கேமராவை விட்டுவிட்டு அதைத் தூக்க ஒரு விநாடி போதும். அது இல்லாவிட்டால், மாட்டியிருக்கும் லென்ஸைக் கழற்றி, பையில் வைத்து, மற்றதை எடுத்து, புள்ளிக்குப் புள்ளி பொருத்தித் திருக வேண்டும். அதற்குள் அட்சதை போட்டு முடித்து முதல் பந்திக்கு ஆள் கிளம்பியிருக்கும். போதாக்குறைக்கு, ஓமப்புகையும் அரிசியும் பூவிதழும் பறக்கும் மேடையில் கேமராவின் வாயைத் திறந்து வைத்தால் உள்ளே சென்சாரில் தூசி இறங்கும். அதன்பிறகு எடுக்கும் படங்களில், மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டையிலும் வேட்டியிலும், கறுப்புப் புள்ளி தெரியும்.

"ஒரே லென்ஸ்ல கிட்டத்தையும் தூரத்தையும் பிடிக்கலாம்லா?" என்று விவரம் தெரிந்த தம்பிகள் கேட்கிறார்கள். பிடிக்கலாம். அப்படிப்பட்ட லென்ஸ்கள் கடையில் உண்டு. ஆனால் தூரத்தை இழுக்க இழுக்க அவற்றின் கண் சுருங்கிக்கொண்டே போகும். 2.8 திறப்புள்ள லென்ஸ் உள்ளே விடும் வெளிச்சத்தில் கால்பங்குதான் 5.6இல் வரும். காலை 4.30 – 6 முகூர்த்தம் என்று பத்திரிகையில் அடித்துவிட்டு, பொழுது விடியாத நேரத்தில் மண்டபத்து டியூப் லைட்டில், கால்பங்கு வெளிச்சத்தில் எடுக்கச் சொன்னால் முகத்தில் மணல் தூவியமாதிரிதான் படம் வரும்.

அந்தத் தூரத்து முகங்கள் அவ்வளவு முக்கியமா என்று நீங்கள் நினைக்கலாம். என் கடைக்கு வந்து ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். வீட்டில் ஆச்சியோ தாத்தாவோ தவறிப்போனால் மறுநாள் காலையிலேயே ஆள் வந்துவிடும். சுவரொட்டிக்கும், சட்டம் போட்டு மாலை போடுவதற்கும் ஒரு நல்ல முகம் வேண்டும். ஆதார் அட்டைப் படம் உதவாது. போனில் இருப்பது யாரோ ஒரு பேரன் தோளோடு சேர்ந்து பாதி முகம். கடைசியில் எங்கே தேடுகிறோம்? பேத்தி கல்யாணத்தில்தான். நல்ல சேலை கட்டி, மூக்குத்தி மினுங்க, நாலாவது வரிசை நாற்காலியில் உட்கார்ந்து தன்னை மறந்து மேடையைப் பார்த்துக்கொண்டிருந்த ஆச்சி, யாரும் போஸ் கொடுக்கச் சொல்லாத ஆச்சி, அங்கேதான் இருப்பாள். அந்த முகத்தை எடுத்தது நீங்கள் அடித்துவிடும் அந்த இரண்டாவது கேமரா. இந்த ஊரில் எத்தனையோ வீட்டு நடுக்கூடத்தில் மாலையோடு தொங்கும் படங்கள் இப்படிக் கிடைத்தவைதான்.

இது பாதிக் காரணம். மீதிப் பாதி, கேமரா ஒரு யந்திரம் என்பது.

இந்தத் தொழிலில் பலர் வைத்திருக்கும் கேனான் 5டி மார்க் 4 கேமராவின் ஷட்டர் 1,50,000 தடவை அடிக்கும் என்று கம்பெனி சொல்கிறது. நிக்கான் டி750க்கும் அதே கணக்கு. ஒரு கல்யாணத்துக்கு முந்தைய நாள் நிச்சயதாம்பூலத்திலிருந்து மறுவீடு வரை இரண்டாயிரம், மூவாயிரம் படம் எடுக்கிறோம். ஒரே கேமராவில் எடுத்தால் எழுபத்தைந்து கல்யாணத்துக்குள் அந்தக் கணக்கு முடிந்துவிடும். முடிந்த பிறகும் ஓடும். முடிவதற்கு முன்னாலும் நிற்கும். அதே டி750 கேமராக்களில் ஒரு பகுதிக்கு ஷட்டர் சரியாக வேலை செய்யாமல் படத்தின் ஒரு பக்கம் மறைந்துபோகலாம் என்று 2015இல் நிக்கான் கம்பெனியே அறிவித்து, இலவசமாகச் சரிசெய்து தந்தது. பின்னால் அந்தப் பட்டியலை நீட்டவும் செய்தது. செய்தவர்களே சொல்கிறார்கள், நிற்கும் என்று. எப்போது நிற்கும் என்று மட்டும் யாராலும் சொல்ல முடியாது.

ஒரு ஆவணி முகூர்த்தத்தில் எனக்கு நின்றது. கெட்டிமேளம் சொல்லி ஐயர் கையை உயர்த்துகிறார், நான் அழுத்துகிறேன், கேமராவுக்குள் சருகு மிதிபட்டதுபோல ஒரு சத்தம். பின்பக்கத் திரை கறுப்பு. மேலே சின்ன எழுத்தில் எர்ர் என்று வருகிறது. பேட்டரியைக் கழற்றி மாட்ட நேரமில்லை. அதை அப்படியே தொங்கவிட்டு இடது இடுப்பிலிருந்த கேமராவை எடுத்தேன். அதில் நீள லென்ஸ். இருந்த இடத்தில் அது பயன்படாது. மேடையின் ஓரத்துக்குப் போய், தூணில் முதுகைச் சாய்த்து, அங்கிருந்து மூன்று முடிச்சையும் எடுத்தேன். அந்த ஆல்பத்தில் தாலி கட்டும் படங்கள் மட்டும் தூரத்திலிருந்து நெருக்கமாக இருக்கும். வீட்டார் அதை ரொம்ப ரசித்தார்கள். என்ன நடந்தது என்று இன்றுவரை அவர்களுக்குத் தெரியாது. அவர்களும் முதலில் ஒரு கேமரா போதும் என்றவர்கள்தான். பெண்ணின் அம்மா குறுக்கே வந்து, "அவங்க கேக்கதைக் கொடுத்திருங்க" என்று சொன்னதால் அந்த வரி தப்பியது.

எல்லா வீட்டிலும் அப்படி ஒரு அம்மா குறுக்கே வருவதில்லை. சில வருடங்களுக்கு முன்னால், கல்யாணமாகி இரண்டு மாதம்கூட ஆகாத ஒரு பெண் தன் அண்ணனோடு என் கடைக்கு வந்தாள். கையில் ஒரு மெமரி கார்டு. வேறு யாரோ எடுத்த கல்யாணம். ஒரே ஆள், ஒரே கேமரா, அந்தக் கேமராவில் ஒரே ஒரு கார்டு. கம்ப்யூட்டரில் போட்டால் காலி என்று காட்டுகிறது. அழிந்த படங்களை மீட்கும் மென்பொருள்களைப் போட்டு இரவெல்லாம் ஓட்டினேன். வந்தவை பாதிக்கு மேல் பந்திப் படங்கள். இலையில் சோறு, வாளியில் சாம்பார், கை கழுவும் இடத்தில் கூட்டம். தாலி கட்டும் படம் ஒன்றுகூட வரவில்லை. "ஒண்ணே ஒண்ணு கிடைச்சாப் போதும்ணே" என்று அந்தப் பெண் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். ஒன்றும் கிடைக்கவில்லை. கூடவந்த அண்ணன் வெளியே வந்து என்னிடம், "நான்தான் ரேட்டைக் குறைச்சுப் பேசினேன்" என்றான். அவன் குறைத்த தொகை அன்றைய மதிப்பில் ஒரு நல்ல பட்டுச்சேலையின் விலைகூட வராது.

இது எங்கள் ஊருக்கு மட்டும் உள்ள பயம் இல்லை. 2018இல் நிக்கானும் கேனானும் முழு அளவு சென்சாரோடு புதிய கண்ணாடியில்லாக் கேமராக்களைக் கொண்டுவந்தபோது இசட்6, இசட்7, இஓஎஸ் ஆர் மூன்றிலும் ஒரே ஒரு கார்டுக்குத்தான் இடம் வைத்தார்கள். உலகம் முழுக்கக் கல்யாணப் படக்காரர்கள் அதைக் குறையாகச் சொன்னார்கள். ஒரே கார்டை நம்பி ஒரு கல்யாணத்துக்குப் போக மாட்டோம் என்றார்கள். 2020இல் வந்த இசட்6இன் இரண்டாம் பதிப்பிலும் கேனான் ஆர்6இலும் இரண்டு கார்டு போட இடம் வந்தது. எடுக்கும் ஒவ்வொரு படமும் இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் பதியும்படி வைத்துக்கொள்ளலாம். ஒன்று கெட்டாலும் மற்றது இருக்கும்.

இரண்டு கேமரா என்பது இப்போது வந்த ஃபேஷன் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஃபிலிம் காலத்திலேயே எங்கள் பெரியவர்கள் இரண்டைத் தோளில் போட்டுக்கொண்டுதான் போனார்கள். சதுரப் படம் எடுக்கும் கேமராவில் 120 ஃபிலிம் சுருளுக்குப் பன்னிரண்டு படம். சின்ன ஃபிலிமில் முப்பத்தாறு. பன்னிரண்டாவது படம் மாலை மாற்றுவதில் முடிந்துவிட்டால், சுருளை மாற்றுவதற்குள் தாலி ஏறிவிடும். அதனால் கைக்கு ஒன்று, தோளுக்கு ஒன்று. கலர் ஃபிலிம் விலை அதிகமாக இருந்த நாட்களில் ஒன்றில் கலர், மற்றதில் ஊட்டியில் தயாரான இந்து கறுப்பு வெள்ளை ஃபிலிம் என்று போட்டுக்கொண்டு போனவர்களும் உண்டு. உங்கள் அப்பா அம்மா கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பாருங்கள். நடுவில் நாலைந்து கலர் படம், மீதி கறுப்பு வெள்ளை என்று இருந்தால், அங்கே இரண்டு கேமரா வேலை செய்திருக்கிறது.

கோவில் கல்யாணம், தேவாலயக் கல்யாணம், நிக்காஹ் மூன்றும் ஒரே ஊரில் நடக்கும் இடம் நம்முடையது. ஒவ்வொன்றிலும் இரண்டாவது கேமராவின் வேலை வேறு. 1826இல் கட்டிய ஊசிக்கோபுரத்துத் தூய திரித்துவ ஆலயம் போன்ற பழைய தேவாலயங்களில் ஆராதனை நடக்கும்போது எங்களால் இங்கும் அங்கும் நடக்க முடியாது, நடக்கவும் கூடாது. ஒரு தூணோரம் நின்றுகொண்டு பீடத்தையும் எடுக்க வேண்டும், கடைசி பெஞ்சையும் எடுக்க வேண்டும். சத்தம் கேட்காமல் எடுக்கும் வசதி புதுக் கேமராக்களில் உண்டு. ஜெப நேரத்தில் அதுதான் மரியாதை. ஆனால் சில எல்.இ.டி. விளக்குகளின் கீழ் அந்த முறையில் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். அதனால் ஒன்றைச் சத்தமில்லாமலும் மற்றதை வழக்கமான ஷட்டரிலும் வைத்துக்கொள்கிறோம். மேலப்பாளையத்து நிக்காஹில் பெண்கள் பக்கம் ஆண்கள் போவதில்லை. அங்கே இரண்டாவது கேமரா ஒரு பெண் கலைஞரின் கையில் இருக்க வேண்டும். அந்த வரியை அடித்தால் மணப்பெண் பக்கத்துப் படமே இல்லாமல் போய்விடும்.

இன்னொரு விஷயத்தையும் மனம்விட்டுச் சொல்கிறேன். இரண்டு கேமரா மாட்டிக்கொண்டு மேடைக்கு வந்தால், "படம் காட்டுதான் பாரு" என்று முன்வரிசையில் யாராவது சொல்வார்கள். காதில் விழத்தான் செய்கிறது. நான் சொன்ன கேனான் கேமரா இரண்டு, 24-70 லென்ஸ் ஒன்று, 70-200 லென்ஸ் ஒன்று சேர்ந்தால் நாலு கிலோவைத் தாண்டும். இரண்டு ஃபிளாஷும் அவற்றின் பேட்டரிகளும் சேர்ந்தால் ஐந்து கிலோ. பெண்ணுக்குத் தலை சீவத் தொடங்கும் அதிகாலை மூன்று மணியிலிருந்து மதியப் பந்தி ஓயும்வரை அது தோளிலும் இடுப்பிலும் கிடக்கும். குனிந்து, நாற்காலி மேல் ஏறி, முழங்காலிட்டு, பின்னால் நடந்து எடுக்க வேண்டும். இந்தத் தொழிலில் நாற்பதைத் தாண்டியவர்களில் கழுத்து வலியோ முதுகு வலியோ இல்லாதவரை நீங்கள் தேடித்தான் பிடிக்க வேண்டும். அழகுக்காக யாரும் இதைத் தூக்குவதில்லை. உங்கள் வீட்டு விசேஷம் வெறும் கையோடு போய்விடக் கூடாது என்றுதான் தூக்குகிறோம்.

இங்கேயே ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். ஒரு ஆள் இரண்டு கேமரா தூக்குவது வேறு, இரண்டு ஆள் வருவது வேறு. தாளில் "இரண்டு கேமரா" என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிட்டு ஒற்றை ஆளாக வந்து நிற்கும் எங்கள் ஆட்களும் இருக்கிறார்கள். அது உங்களை ஏமாற்றுவது. பெண் வீடு பாளையிலும் மாப்பிள்ளை வீடு டவுனிலும் இருந்தால், இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில்தான் புறப்பாடு நடக்கும். வண்ணார்பேட்டை நெரிசலையும் ஆற்றுப் பாலத்தையும் கடந்து ஒருவரே இரண்டையும் எடுக்க முடியாது. ஆகவே "எத்தனை ஆள், ஆளுக்கு எத்தனை கேமரா" என்று கேளுங்கள். தெளிவாகச் சொல்லாதவரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

கையில் காசு குறைவு என்றால் குறைக்க வேறு இடங்கள் இருக்கின்றன. ட்ரோனை எடுத்துவிடுங்கள். மண்டபத்தின் கூரையை மேலிருந்து பார்த்து யாருக்கு என்ன ஆகப்போகிறது? எல்.இ.டி. திரை வேண்டாம். கல்யாணத்துக்கு முன்னால் கடற்கரையிலும் அருவிக்கரையிலும் எடுக்கும் படங்கள் வேண்டாம். அவற்றை எடுக்கக் கல்யாணமான பிறகும் காலம் இருக்கிறது. ஆல்பத்தில் பத்துத் தாளைக் குறையுங்கள், அட்டையை எளிதாக்குங்கள். ஆல்பத்தைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் பெரிதாகப் போட்டுக்கொள்ளலாம், படம் இருந்தால். எல்லாரிடமும் போன் இருக்கிறதே என்று மட்டும் ஆறுதல் சொல்லிக்கொள்ளாதீர்கள். தாலி கட்டும் நேரத்தில் போனைத் தூக்கிப் பிடிக்கும் ஐம்பது கைகளுக்கும் குறுக்கே இருப்பது முன்னால் நிற்பவரின் முதுகு.

எங்கள் பக்கத்துக் கடமையும் இருக்கிறது. அதை நீங்கள் கேட்டு வாங்க வேண்டும். இரண்டு கேமராவின் கடிகாரமும் முதல் நாளே ஒன்றாக வைக்கப்பட வேண்டும். இல்லாவிட்டால் கம்ப்யூட்டரில் அடுக்கும்போது அட்சதை முன்னாலும் தாலி பின்னாலும் வரும். கல்யாணம் முடிந்த அன்று இரவே எல்லாக் கார்டும் இரண்டு ஹார்டு டிஸ்க்கில் ஏற வேண்டும், அதில் ஒன்று வேறு இடத்தில் இருக்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18இல் தாமிரபரணி பெருகியபோது என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. வெள்ளம் வடிந்த பிறகு வெயிலில் காயவைத்த பொருட்களில் கல்யாண ஆல்பங்களும் இருந்தன. ஒன்றோடொன்று ஒட்டிப்போன தாள்களைப் பிரித்தால் முகமும் சேர்ந்து பிய்ந்து வந்தது. படக்காரரிடம் இன்னொரு பிரதி இருந்தவர்கள் பிழைத்தார்கள்.

எடுத்த படம் எல்லாவற்றையும் உங்களுக்கும் ஒரு பிரதி கொடுக்கச் சொல்லுங்கள். காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்று 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. நீங்கள் கேட்பது சலுகை இல்லை, உரிமை.

இரண்டு லட்ச ரூபாய்க்கு மேல் விலைபோகும் கேமராவைக் கடன் வாங்கி, அதோடு நிற்காமல் இன்னொன்றையும் தவணையில் வாங்கி, முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் தவணை கட்டிக்கொண்டு, நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் இந்தத் தொழிலில் நிற்கிறார்கள். ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று நினைக்கிற ஆளை, "அவர் ஒரு கேமராதான் போட்டிருக்கார், இவ்வளவு கம்மி" என்று பக்கத்துக் கடைக் கணக்கைக் காட்டி நீங்கள் கீழே இழுத்தால், நாளைக்கு எல்லாரும் ஒற்றைக் கேமராவோடுதான் வருவார்கள். அந்த நிலைமைக்கு எங்களைத் தள்ளிவிடாதீர்கள்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த முறை படக்காரரிடம் உட்காரும்போது, விலையைக் கேட்பதற்கு முன்னால் அவருடைய கேமராக்களை மேஜையில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இரண்டு இருக்கிறதா, ஒவ்வொன்றிலும் இரண்டு கார்டு போடுகிறாரா, தாலி கட்டும்போது யார் எங்கே நிற்பார், படங்கள் எங்கே பத்திரமாக இருக்கும் என்று கேளுங்கள். சொன்ன பதிலை அந்தத் தாளிலேயே எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அதன்பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் பேரம் பேசுங்கள். "இரண்டு கேமரா" என்ற அந்த ஒரு வரியில் மட்டும் பேனாவை வைக்காதீர்கள்.

அன்புடன்,
பாளையங்கோட்டைக் கல்யாணப் படக்காரர்களில் ஒருவன்